கடல்நீரில் கரைந்த உரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாம்பன் தென்கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்த தாயின் மகள் நான். கடல்நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், அம்மோனியா ஆகியவற்றைத் தானாக ஓடும் கருவியில் வைத்து அளப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. போன இதழில் அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தண்ணீர் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியபோது ஆட்கள் வந்து குப்பி குப்பியாகக் கடல்தண்ணீர் பிடித்துப் போனார்கள். அதை என்ன செய்வார்கள்? வெறும் தண்ணீரில் எதைப் பார்ப்பார்கள்?
– நாட்டுப்படகு மீனவர், மண்டபம்

பதில்: அண்ணே, வயலுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து போடுகிறோம் இல்லையா? அதே சத்துகள் கடலிலும் கரைந்து கிடக்கின்றன. நைட்ரேட்டும் அம்மோனியாவும் தழைச்சத்து. பாஸ்பேட் மணிச்சத்து. இவற்றோடு மணலின் சரக்கான சிலிகேட்டும் உண்டு. கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்ளும் டயட்டம் என்ற நுண்பாசிக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அளவு மிகமிகக் குறைவு. தெளிந்த கடலின் மேல்நீரில் நைட்ரேட் பல நேரம் லிட்டருக்கு 1 மைக்ரோமோலுக்கும் (கரைந்த பொருளின் மிகச் சிறிய அளவைச் சொல்லும் அலகு) கீழேதான் இருக்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைய அந்த நீரை நிரப்பினால், அதில் அதிகமாகப் போனால் 62 மில்லிகிராம் நைட்ரேட். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது, நிறமாக மாற்ற முடியும். நைட்ரேட்டை முதலில், செம்பு பூசிய காட்மியத் துருவல் அடைத்த ஒரு சிறு குழல் வழியே விடுவோம். அது நைட்ரைட்டாக மாறும். பிறகு இரண்டு மருந்துகளைச் சேர்த்தால் ரோஜா நிறம் வரும். சத்து கூடினால் நிறமும் கூடும். அந்த நிறத்தின் ஊடே 540 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்து சேராமல் நின்றுவிட்டது என்று பார்ப்போம். பாஸ்பேட்டுக்கு மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும், அதாவது நம் வைட்டமின் சி. நீல நிறம் வரும். மர்பி, ரைலி என்ற இருவர் 1962-இல் வெளியிட்ட முறை அது. இன்றும் உலகமெங்கும் அதைத்தான் செய்கிறோம். சிலிகேட்டும் நீலம்தான், அதில் பாஸ்பேட் கலந்து ஏமாற்றாமல் இருக்க ஆக்சாலிக் அமிலம் சேர்ப்போம். அம்மோனியாவுக்கு இன்னொரு நீலம்.

இதை ஒவ்வொரு குப்பிக்கும் கையால் செய்தால் ஒரு நாளில் இருபது, முப்பதுக்கு மேல் நகராது. கருவியில் மணிக்கு நாற்பது, ஐம்பது ஓடும். அதன் பம்பைப் பார்த்தால் உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும். பால் கறக்கும்போது காம்பை மேலிருந்து கீழாக அழுத்தி இழுக்கிறோம் அல்லவா, அதுபோல உருளைகள் வரிசையாக வந்து மெல்லிய குழாய்களை நசுக்கி நசுக்கித் தள்ளும். ஒரு குழாயில் கடல்நீர், மற்றவற்றில் மருந்துகள், இன்னொன்றில் வெறும் காற்று. குழாயின் உள்விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீர்தான் போகும். அளந்து ஊற்றும் வேலையே இல்லை. காற்று, ஓடும் நீருக்குள் ஒரே சீரான குமிழிகளாகப் புகுந்து அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். பாலத்தில் போகும் ரயிலின் பெட்டிகள்போல, ஒரு பெட்டித் தண்ணீர் பின்னால் வரும் பெட்டியோடு கலக்காது. குமிழி போகிற போக்கில் குழாயின் சுவரையும் துடைத்துவிடும். கடைசியில் ஒளி பாயும் இடத்தில் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு சிகரம் எழும்பும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேனா ஒன்று காகிதத்தில் அந்த மலைகளை வரையும். அளவுகோல் வைத்து உயரம் அளப்போம். இப்போது கணினித் திரையில் வருகிறது. முதல் சிகரம் எழும் அந்த நொடிக்கு இன்றும் எனக்கு மூச்சு நிற்கும்.

கேள்வி: கடல்நீரைப் பச்சையாக்கும் பூங்கோரை வருவதற்கு இறால் பண்ணைத் தண்ணீரும் சாக்கடையும்தான் காரணம் என்கிறார்கள். ஆனால் அப்போது எடுத்த தண்ணீரில் நைட்ரேட் குறைவு என்று வந்ததாம். அப்படியானால் பொய் சொல்கிறார்களா?
– வாசகர், வேதாளை

பதில்: பொய் இல்லை. சோறு வெந்து, பரிமாறி, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியபின் பானையைத் திறந்து "அரிசியே போடவில்லையே" என்று சொல்ல முடியுமா? பச்சை நிறம் தெரியும் நேரத்தில் கரைந்திருந்த சத்து ஏற்கெனவே உயிருக்குள் போய்விட்டது. தண்ணீரில் நைட்ரேட் குறைவாக இருப்பது அப்போது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

பூங்கோரை என்று நாம் சொல்லும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிருக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. அது மற்ற நுண்பாசிகளை விழுங்கி வாழ்வது. நம் கடலில் வரும் பச்சை வகை, தன் உடலுக்குள்ளேயே ஒரு சிறு பச்சைப் பாசியையும் குடிவைத்திருக்கிறது. அதனால் சத்து நேரே அதற்குப் போகாமல், முதலில் டயட்டத்துக்குப் போய், டயட்டத்தை இது தின்று பெருகவும் கூடும். அது உடலுக்குள் அம்மோனியாவையும் சேர்த்து வைத்திருக்கும். கூட்டமாகச் செத்து உடையும்போது அந்த அம்மோனியா வெளியே வரும். அழுகல் நீரிலுள்ள பிராணவாயுவையும் தின்றுவிடும். 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடாவில் இந்தப் பூங்கோரை வந்து மீன்கள் செத்தன. 2019-இல் தீவுப் பக்கத்துப் பவளங்களும் மூச்சுமுட்டிச் செத்தன.

எனவே ஒரு நாள் தண்ணீரை வைத்து யார்மீதும் பழி போடவும் முடியாது, யாரையும் விடுவிக்கவும் முடியாது. ஒரே இடத்தில், கச்சான் காற்று அடிக்கும்போதும் வாடையிலும், மாதம் தவறாமல் எடுத்த தண்ணீர் வேண்டும். எந்த மாதம் சிலிகேட் ஏறியது, எப்போது நைட்ரேட் சரிந்தது, அம்மோனியா எங்கே எழும்பியது என்று அந்த வரிசை காட்டும். மீன் செத்து மூன்றாம் நாள் என்னிடம் ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர். கையில் குப்பியும் கண்ணில் கண்ணீருமாக நிற்பார்கள். "போன மாதத் தண்ணீர் இருக்கிறதா?" என்று நான் கேட்பேன். யாரிடமும் இருந்ததில்லை. ஆகவேதான் அடுத்த கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து மிதவை கட்டிக் கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறோம். 45 நாளில் வரவேண்டிய வளர்ச்சி வரவில்லை. நாங்களே தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாமா? எந்தக் குப்பியில் எடுப்பது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, தாராளமாக எடுக்கலாம். உங்களைவிட அந்த இடத்தை அறிந்தவர் யார்? முதலில் நீங்கள் அனுப்பப்போகும் ஆய்வகத்தைக் கேளுங்கள். அவர்களே கழுவிய குப்பி தருவார்கள் என்றால் அதுதான் நல்லது. இல்லாவிட்டால் 100 மில்லி பிடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குப்பி, திருகு மூடியோடு. கண்ணாடிக் குப்பி வேண்டாம், கண்ணாடியே சிலிகேட்தான். கோலா குடித்த பாட்டில் கூடவே கூடாது. அந்தப் பானத்தில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது; உங்கள் பாஸ்பேட் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். சோப்புப் போட்டும் கழுவாதீர்கள். நாங்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுவோம்.

தண்ணீர் எடுக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டுங்கள். மேலே மிதக்கும் நுரையும் எண்ணெயும் வேண்டாம், முழங்கை ஆழத்தில் எடுங்கள். அதே நீரால் மூன்று முறை குப்பியை அலசிக் கொட்டிவிட்டு, நான்காம் முறை பிடியுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது. வியர்வையில் அம்மோனியா உண்டு. பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது. இதைச் சொன்னால் ஆண்கள் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனாலும் சொல்லுங்கள். அம்மோனியாவால் குளிரூட்டும் ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து காற்று வரும் இடத்தில் நின்று அம்மோனியாவுக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

பிடித்த கையோடு வடிகட்ட வேண்டும். ஊசிக் குழலின் நுனியில் மாட்டும் 0.45 மைக்ரான் வடிகட்டி கிடைக்கிறது. வடிகட்டாத நீரில் நுண்பாசி உயிரோடு இருந்துகொண்டு, குப்பிக்குள்ளேயே நைட்ரேட்டைத் தின்றுகொண்டிருக்கும். இருவேறு குப்பிகளாக வையுங்கள். நைட்ரேட், பாஸ்பேட்டுக்கான குப்பி உறைபெட்டிக்குப் போகட்டும். முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள், உறைந்தால் நீர் பெருகி மூடியைத் தள்ளும். சிலிகேட்டுக்கான குப்பியை உறையவிடாமல் குளிரில், இருட்டில் வையுங்கள். உறைந்தால் சிலிக்கா ஒன்றோடொன்று பிணைந்து, நிறம் தராமல் ஒளிந்துகொள்ளும்.

உறைந்தது உருகி மறுபடி உறைந்தால் அந்தத் தண்ணீர் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை முகத்துவாரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நானே இறங்கி எடுத்த குப்பிகள் அப்படித்தான் போயின. நான் விடுப்பில் இருந்தபோது இரவெல்லாம் மின்சாரம் இல்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து உறைபெட்டியைத் திறந்தேன். குப்பிகள் நான் வைத்தபடியே நிமிர்ந்துதான் நின்றன. பனிக்கட்டி மட்டும் ஒரு பக்கச் சுவரோடு சாய்ந்து ஒட்டியிருந்தது. உருகி, யாரோ படுக்க வைத்து, மறுபடி உறைந்து, பிறகு நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கருவியில் ஓட்டினால் அழகான எண்கள் வந்திருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. வைகை நீர், பாக் நீரிணைப் பக்கமான வடகடலில் கலக்கும் அந்த நாலு மாதக் கணக்கை நான் எழுதாமல் விட்டேன். அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

குப்பியின்மேல் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, மணி, இடம், காற்று எது, ஏற்றமா வற்றமா. மை கரையும், பென்சில் கரையாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பாசி வளராததற்குச் சத்துக்குறைவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர்ச் சூடு, மழையில் குறையும் உப்பு, ஓரா மீன் கடித்துத் தின்பது, நுனி வெளுத்து உதிரும் ஐஸ்-ஐஸ் நோய் எல்லாமே உண்டு. நுண்பாசிகள் சராசரியாக ஒரு பங்கு பாஸ்பரசுக்கு 16 பங்கு நைட்ரஜன் எடுக்கும். ரெட்ஃபீல்டு என்பவர் பெயரால் வழங்கும் கணக்கு அது. கடற்பாசிகளுக்குச் சுமார் 30 பங்கு நைட்ரஜன் வேண்டும். அதனால் மிதவைக்குள் எடுத்த ஒரு குப்பி போதாது. மிதவைக்கு வெளியே, திறந்த நீரில் ஒரு குப்பி கூடவே எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் உங்கள் பாசி எதைத் தின்கிறது, எது கிடைக்காமல் இருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: குமிழி விடும் கருவி, குமிழியே இல்லாத கருவி என்று இரண்டு இருக்கிறதாமே. எதைக் கற்றுக்கொள்வது?
– முதுகலை வேதியியல் மாணவர், இராமநாதபுரம்

பதில்: தம்பி, குமிழியால் பிரிக்கும் முறை லெனார்ட் ஸ்கெக்ஸ் என்ற அமெரிக்கருடையது. மருத்துவமனையில் இரத்தம் சோதிக்கும் வேலை மலைபோல் குவிந்ததால் அவர் அதைச் செய்தார். 1957-இல் அது ஆட்டோ அனலைசராக விற்பனைக்கு வந்தது. பின்னாளில்தான் கடலுக்கு இறங்கியது. 1975-இல் டென்மார்க்கில் ருசிச்காவும் ஹான்சனும் குமிழியை எடுத்துவிட்டார்கள். மெல்லிய குழாயில் ஓடும் நீருக்குள் ஒரு சொட்டு மாதிரியைச் செலுத்தினால், அது கலந்து பரவுவதும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் நடக்கும், ஆகவே நிறம் முழுதாக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது அவர்கள் கண்டது. அது வேகமானது, மருந்தும் குறைவு.

கடலுக்கு என்றால் நான் குமிழி முறையைத்தான் சொல்வேன். நிறம் முழுதாக வந்து, சிகரத்தின் தலை தட்டையாக நிற்பதால் மிகக் குறைந்த சத்தையும் நம்பி அளக்கலாம். முதல் மாதம் கருவியின் பொத்தான் எதையும் தொடாமல் குமிழியை மட்டும் பாருங்கள். சீராக, இருமுனையும் உருண்டு ஓடினால் நல்லது. இழுபட்டு, வால் விட்டு, சுவரில் ஒட்டினால் குழாய் அழுக்கு, அல்லது வழுக்கும் மருந்து போதவில்லை. பாஸ்பேட் ஓட்டத்தில் பிரிஜ் என்ற வழுக்கு மருந்தைப் போடக்கூடாது, மாலிப்டேட்டோடு சேர்ந்து கலங்கும். அங்கே சோடியம் டோடெசில் சல்பேட்.

முகத்துவார மாதிரிகளை ஓட்டும்போது உப்பையும் மறக்காதீர்கள். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் ஒளியை வேறு வேறாக வளைக்கும். சத்தே இல்லாவிட்டாலும் உப்பு மாறும் இடத்தில் பொய்ச் சிகரம் எழும்பும்.

கேள்வி: நைட்ரேட் ஓட்டத்தில் 10 மைக்ரோமோல் நிர்ணயக் கரைசல் (அளவு தெரிந்தே கலக்கிய சோதனைக் கரைசல்) காலையில் 10 காட்டுகிறது, மதியம் 8.5 காட்டுகிறது. பாஸ்பேட்டில் மாற்றமே இல்லை. பம்புக் குழாயை மாற்றியும் சரியாகவில்லை.
– ஆய்வக உதவியாளர், மண்டபம் முகாம்

பதில்: அதே 10 மைக்ரோமோலில் ஒரு நைட்ரைட் கரைசலையும் அதே குழல் வழியே விட்டுப் பாருங்கள். அது 10-இல் நின்று நைட்ரேட் மட்டும் சரிந்தால் காட்மியக் குழல் களைத்துவிட்டது. நூற்றுக்கு 85 தான் மாற்றுகிறது என்று பொருள். இரண்டும் சரிந்தால் நிற மருந்தைப் பாருங்கள்.

குழலுக்குள் காற்றுப் புகுந்ததா? துருவல் அடைத்த குழலுக்கு முன்னால் குமிழியை எடுத்துவிட்டுத்தான் நீரை உள்ளே விட வேண்டும். அல்லது காரங்காட்டு அலையாத்திச் சேற்றில் எடுத்த நீர் ஏதாவது ஓடியதா? அழுகிய முட்டை வாடை வரும் அந்த ஹைட்ரஜன் சல்பைடு காட்மியத்தைக் கெடுத்துவிடும். நீர்த்த அமிலம் விட்டு, அலசி, தாமிர சல்பேட் ஏற்றி, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல் ஓட்டி, பிறகு கொஞ்சம் கடுமையான நைட்ரேட்டைச் சில நிமிடம் விட்டுப் பழக்குங்கள். பத்து மாதிரிக்கு ஒருமுறை நிர்ணயக் கரைசலை நடுவில் வையுங்கள்; மதியம்வரை காத்திருக்க வேண்டாம், சரிவு அரைமணியில் தெரிந்துவிடும். காட்மியம் நஞ்சு. அந்தக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து ஒப்படையுங்கள், தம்பி. நாம் ஊற்றுகிற தொட்டியும் கடைசியில் இந்தக் கடலுக்குத்தான் வரும்.

கேள்வி: என் பண்ணைக் குளத்து நீரை மூன்று இடத்தில் கொடுத்தேன். நைட்ரேட் ஒருவர் 0.5 என்கிறார், ஒருவர் 0.11 என்கிறார், இன்னொருவர் 8 என்கிறார். யாரை நம்புவது?
– இறால் பண்ணையாளர், தொண்டி

பதில்: மூவரையும். ஒரு லிட்டரில் 0.5 மில்லிகிராம் நைட்ரேட் என்றால், அதற்குள் இருக்கும் நைட்ரஜன் மட்டும் 0.11 மில்லிகிராம், மைக்ரோமோலில் சொன்னால் 8. ஒரே தண்ணீர்தான். காகிதத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத ஆய்வகத்திடம் போய் எழுதி வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அம்மோனியாவில் இன்னொன்றும் கேளுங்கள்: கருவி தருவது மொத்த அம்மோனியா. இறாலைக் கொல்லும் பகுதி, குளத்தின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற ஏறக் கூடும். மத்தியானம் பாசி வெயிலில் வேலை செய்து பி.எச். ஏறும் நேரத்தில், காலையில் பார்த்த அதே எண் ஆபத்தாகிவிடும்.

இதே பை நிறைய வந்த கடிதங்களில் கீழக்கரைத் தாய் ஒருவர், கிணற்று நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று சீட்டு வந்ததாக எழுதியிருக்கிறார். அம்மா, குடிநீருக்கு இந்தியத் தர அளவு 45. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பால்மாவு கலக்க அந்த நீரைத் தொடவே தொடாதீர்கள், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற நைட்ரேட் இன்னும் செறியும். கிணற்றுக்கு அருகில் கழிவறைக் குழியோ எருக்குழியோ இருக்கிறதா என்று உடனே பாருங்கள். கடலோடு ஒப்பிட்டால் அந்த நீரின் அளவு புரியும்: 60 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 970 மைக்ரோமோல். என் கருவியில் அதை 50 மடங்கு நீர்க்காமல் ஓட்ட முடியாது.

கேள்வி: தண்ணீர்க் குப்பியை மீன் வைத்த ஐஸ் பெட்டியிலேயே கரைக்குக் கொண்டுவரலாமா அக்கா? படகில் வேறு பெட்டி இல்லை.
– வாசகர், பாம்பன்

பதில்: மீனின் சாறும் செதிலும் கலந்த ஐஸ் நீரில் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் ஏராளம். மூடியின் மரையில் ஒரு சொட்டு நின்று, திறக்கும்போது உள்ளே விழுந்தால் போதும், கெட்டுவிடும். வேறு வழியே இல்லையென்றால் குப்பியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் தனித்தனியாகக் கட்டி, மீனுக்கு மேலே, சுத்தமான ஐஸ் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். கரைக்கு வந்ததும் பையைப் பிரிக்குமுன் கையைக் கழுவித் துடையுங்கள். அடுத்த நடை போகும்போது குப்பிக்கென்று ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டி கொண்டுபோங்கள்.